கலைச்சுப் போட்டால் புதுமையோ?

வழமையான கதைகளை எதிர்பார்க்க வேண்டாம் என்று பின்னட்டையிலேயே எச்சரிக்கிற ஒரு சிறுகதைத் தொகுப்பு. எழுதியவருக்கு இது முதல் புத்தகம், ஆகவே பெயர் வேண்டாம். எதிர்பார்த்ததும் வழமையான கதையை அல்ல, எடுத்த வடிவத்தை ஒழுங்காகக் கையாள்வதைத்தான். அது பெரும்பாலும் நடக்கவில்லை.

ஒரு பெண்ணின் வாழ்க்கையை விதானையார் (கிராம அலுவலர்) தரும் வதிவிடச் சான்றிதழாக எழுதியிருக்கிறார். யோசனை அருமை. பெயர், அடையாள அட்டை எண், எவ்வளவு காலம் வதிகிறார், எதற்காகக் கேட்கிறார், கடைசியில் பிரதேச செயலாளரின் மேலொப்பம். இந்தத் தாளோடு அலையாத வீடு யாழ்ப்பாணத்தில் குறைவு. 1995 ஒக்டோபரில் யுத்த இடப்பெயர்வோடு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டவள் 'வதியும் காலம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவாள்? அந்த ஒரு கட்டமே கதைக்குக் காணும். ஆனால் இவர் அதற்குள் முக்கால் பக்கத்துக்குப் பனங்கூடலையும் நிலவையும் கண்ணீரையும் கொட்டிவைக்கிறார். எழுத இடம் போதாமல் இருப்பதுதான் படிவக் கதையின் பலம். இடத்தைத் தாராளமாக்கினால் அது பழைய கதைதான், சுற்றிக் கோடு கீறியிருக்கிறது, அவ்வளவே.

அடையாள அட்டை எண்ணையும் பாருங்கள். பழைய எண்ணில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாம் நாள் என்பது, பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 1971இல் பிறந்த இவளுக்கு 71143 என்று தொடங்குகிறது. அது ஆணின் எண். வேண்டுமென்று போட்டிருந்தால் யாருடைய பெயரில் இவள் வாழ்கிறாள் என்று ஒரு பெரிய கதை திறந்திருக்கும். கதை அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. வெறும் கவனயீனம்.

'நீ' என்று விளித்து எழுதிய கதைகள் இரண்டு. தமிழில் வினை கடைசியில் வந்து நிற்பதால் நடந்தாய், நின்றாய், பார்த்தாய் என்று வசனமெல்லாம் ஒரே ஓசையில் முடிகிறது. இரண்டு பக்கத்துக்குள் காது சலித்துவிடும். எச்சங்களில் வசனத்தை ஓடவிட்டு, இடையிடையே வினையே இல்லாத வசனம் வைத்து உடைக்கவேண்டும். அந்தப் பாடு எதையும் இவர் படவில்லை.

முடிவு தொடக்கத்தோடு போய் முட்டும் கதையும் உண்டு. அர்ஜென்டீன எழுத்தாளர் ஹூலியோ கொர்த்தஸார் 'பூங்காக்களின் தொடர்ச்சி'யில் இதை இரண்டு பக்கத்தில் முடித்துவிட்டார். நாவல் வாசிப்பவர் இருக்கும் பச்சை வெல்வெட் கதிரை ஆரம்பத்திலேயே சாதாரணமாக வந்துவிடுகிறது. கடைசியில் அந்த நாவலுக்குள்ளிருந்து கத்தியோடு வருபவன் காண்பதும் அதே கதிரையைத்தான். விளக்கம் கிடையாது. நம்மவரோ வட்டம் பூர்த்தியானதும் 'எல்லாம் தொடங்கிய இடத்துக்கே வந்தது' என்று வாசகருக்கு ஒரு வரி எழுதித் தருகிறார். அந்த வரியை வெட்டினாலே கதை பாதி தேறும்.

ஒரே ஒரு கதை நன்றாக வந்திருக்கிறது: கடைக்காரரின் கடன் கொப்பி. திகதி, சாமான், நிறை, தொகை மட்டும். மாசி வரை 400 கிராம் பால்மா கிழமைக்கு ஒன்று. பிறகு அது இல்லை, சீனியும் 500 கிராமிலிருந்து 250க்கு இறங்குகிறது. கடைக்காரர் ஒரு சொல்லும் சொல்வதில்லை. இதை எழுதத் தெரிந்தவர்தான் மற்றவற்றையும் எழுதினார் என்பதுதான் எரிச்சலைக் கிளப்புகிறது.

அடிக்குறிப்புக் கதையில் பழி முழுக்க எழுதியவருடையது அல்ல. மேலே ஒரு ஊர் வரலாற்றுக் கட்டுரை, கீழே அதை மறுத்துக்கொண்டே போகும் குறிப்புகள். இரண்டும் ஒரே பக்கத்தில் கண்ணில் பட்டால்தான் சண்டை சூடுபிடிக்கும். பக்கம் அமைத்தவர் குறிப்புகளை எல்லாம் கதையின் கடைசியில் கொண்டுபோய்க் குவித்திருக்கிறார். அச்சுக்கு முன் ஒருக்கால் புரட்டிப் பார்த்திருந்தால் பிடிபட்டிருக்கும். மறுபதிப்பு போட்டால் முதலில் அவற்றைப் பக்கத்தடிக்கு இறக்கட்டும்.