ஏற்காட்டில் ஒரு மூக்கு

ஏற்காடு ஏரிக்கரைப் பூங்காவில் கூடையைத் திறந்தோம். எங்கள் பூனை கறுப்பி வெளியே வரவில்லை. அவள் மூக்கு மட்டும் வந்தது.

அது ரொம்ப நேரம் வேலை பார்த்தது. ஏரிக்காற்று, யாரோ கொண்டுவந்த மிளகாய் பஜ்ஜி, மரத்து மேல் குரங்கு என்று எல்லாவற்றையும் மோந்து முடித்த பிறகுதான் ஒரு கால் வெளியே. ஈரப்புல் பட்டதும் அதையும் உதறி உள்ளே இழுத்துக்கொண்டாள்!

இன்னொரு பூனை வெள்ளையன் வேறு ரகம். கழுத்துப்பட்டை மாட்டியதும் தொப்பென்று படுத்துவிட்டான்.

"ஏன் கண்ணு, ஏரி பாக்கணும்னு பூனை கேட்டுச்சா?" என்றார் ஒரு பாட்டி.

நியாயமான கேள்விதான்.

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். காலையில் சாப்பாடு வைக்காததால் வாந்தி இல்லை. கூடைக்குள் என் பழைய துண்டு. வீட்டு வாசம் இருந்தால் பூனை கொஞ்சம் அடங்கும்.

நாம் லேடீஸ் சீட், பகோடா பாயின்ட் என்று கண்ணால் பார்க்க அலைகிறோம். கறுப்பிக்கு உட்கார்ந்த இடத்திலேயே சேர்வராயன் மலை மூக்குக்கு வந்துவிடுகிறது. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

இறங்கும்போது வெள்ளையன் நல்ல தூக்கம். கறுப்பி மட்டும் வளைவுக்கு வளைவு எங்களைத் திட்டிக்கொண்டே வந்தாள்.