புராஜெக்ட் வைவா: கருவிக்கு எழுதும் விளக்கத்தில் நேரம் செலவிடுங்கள்

இறுதியாண்டு முடிவுகள் வந்து, நினைத்ததைவிட நல்ல மதிப்பெண் கிடைத்த நிம்மதியில் எழுதுகிறேன். ஏ.ஐ. உதவியாளரை வெளிச் சேவைகளோடு இணைக்கும் தலைப்பை எடுத்திருக்கும் பாளையங்கோட்டை வட்டாரத்துத் தம்பி தங்கைகள், கோடிங்கைவிடக் கருவிக்கு (ஏ.ஐ. மாடல் தேவைப்படும்போது அழைக்கும் சிறு புரோகிராம், அதாவது ‘டூல்’) எழுதும் விளக்கத்தில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கார், பிசானப் பருவ நெல் நடவுக்குமுன் விவசாயிகள் கேட்கும் அணை நீர்மட்டத்தைச் சொல்லும் உதவியாளர்தான் என் புராஜெக்ட். ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்.சி.பி. (ஏ.ஐ. செயலிகளை வெளித் தரவோடும் கருவிகளோடும் இணைக்கும் பொது நெறிமுறை) முறையில், கருவியை வழங்கும் சர்வர் எழுதி, ஒரே கருவிக்கு இரண்டு விளக்கங்களை வைத்துச் சோதித்தேன். ‘அணை விவரம் தரும்’ என்றிருந்தபோது, மழையளவைக் கேட்டாலும் மாடல் அதையே அழைத்தது. ‘பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டத்தை அடியில் தரும், மழையளவுக்குப் பயன்படுத்தக் கூடாது’ என்று மாற்றியதும் அந்தத் தவறான அழைப்பு நின்றது. 80 அடி என்பது 143 அடி உயரப் பாபநாசத்தில் ஒரு நிலை, 118 அடி மணிமுத்தாற்றில் வேறொரு நிலை என்பதால், முழு உயரத்தையும் பதிலோடு சேர்த்து அனுப்பினேன். புறத்தேர்வாளர் நின்று கேட்டது இந்த இடத்தில்தான்.

அவருடைய முதல் கேள்வி, கருவியை இயக்குவது யார் என்பது. மாடல் எதையும் இயக்குவதில்லை. கருவியின் பெயரையும் உள்ளீடுகளையும் மட்டும் எழுதித் தருகிறது, ஹோஸ்டில் (பயனர் பேசும் செயலி) உள்ள கிளையன்ட் (சர்வரோடு தொடர்புகொள்ளும் பகுதி) அதைச் சர்வருக்கு அனுப்பி, வந்த விடையை உரையாடலில் சேர்க்கிறது. இதைத் தடுமாறாமல் சொல்லப் பழகுங்கள்.

மற்றவை சுருக்கமாக:
- கிளையன்டுக்கும் சர்வருக்கும் இடையே செய்திகள் ஜேசன்-ஆர்.பி.சி. 2.0 என்ற கோரிக்கை-பதில் வடிவில் செல்கின்றன.
- சர்வர் தருபவற்றில் டூல்களை மாடலும், ரிசோர்ஸ்களை (கோப்பு போன்ற தரவு) செயலியும், ப்ராம்ப்ட்களை (தயார்நிலைக் கேள்வி வார்ப்புகள்) பயனரும் தேர்ந்தெடுக்கிறார்கள்.
- தொலைவிலுள்ள சர்வரோடு பேச எஸ்.எஸ்.இ. என்ற பழைய இணைப்பு வழியைக் கற்பிக்கும் பழைய வீடியோக்களைத் தவிர்த்துவிடுங்கள். 2025 மார்ச் பதிப்பிலேயே அதன் இடத்துக்கு ஸ்ட்ரீமபிள் எச்.டி.டி.பி. வந்துவிட்டது.
- சர்வர் அதே கணினியில் ஸ்டாண்டர்ட் அவுட்புட் (புரோகிராமின் வழக்கமான வெளியீட்டு வழி) வழியே பேசும்போது, அதே வழியில் எழுதும் பிரிண்ட் கட்டளை செய்தியைக் கெடுக்கும். லாக் (இயக்கக் குறிப்புகள்) எல்லாம் பிழைகளுக்கான தனி வழியான ஸ்டாண்டர்ட் எரருக்குப் போகட்டும்.

லேப்பில் நெட் போகும் என்று எதிர்பார்த்தே செல்லுங்கள். தரவு கிடைக்காதபோது சர்வர் வெறுமனே நின்றுவிடாமல், ‘இன்றைய அளவு கிடைக்கவில்லை, ஊகித்துச் சொல்ல வேண்டாம்’ என்ற பிழைச் செய்தியைக் கருவியின் விடையாகவே மாடலுக்குத் திருப்பி அனுப்பட்டும். தண்ணீரை நம்பி நாற்றுப் பாவுகிறவருக்குப் பொய்யான எண் போய்விடக் கூடாது.