உடை தரும் மின்சாரம்: நெகிழி குறைக்கடத்தி நூலில் முனைவர் பட்ட ஆய்வு செய்யப்போகிறவர்களுக்கு

உடல் சூட்டுக்கும் அறை வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் நூலுக்காகப் புது பாலிமரைத் தேடி ஓடுவதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். தோலின் வெப்பம் சுமார் 33 டிகிரி, அறை 25 என்று வைத்தால் வித்தியாசம் 8 டிகிரி. ஆனால் அதில் பெரும்பகுதி துணிக்கு வெளியே நிற்கும் காற்றுப் படலத்திலும், தோலும் துணியும் சரியாக ஒட்டாத இடத்திலும் போய்விடும். துணிக்குக் கிடைப்பது 2 டிகிரி என்றே வையுங்கள். பி-வகை (நேர்மின் துளைகள் கடத்தும்) நூலின் சீபெக் கெழு, அதாவது ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு எழும் மின்னழுத்தம், 18; என்-வகையினுடையது (எலக்ட்ரான்கள் கடத்துவது) 20 மைக்ரோவோல்ட்/கெல்வின். இப்படி 100 ஜோடி தைத்தால் வருவது 7.6 மில்லிவோல்ட். நூலின் தடை சென்டிமீட்டருக்கு 40 ஓம், ஜோடியின் ஒவ்வொரு காலும் (ஒரு நூல் துண்டு) அரை சென்டிமீட்டர் என்றால் 200 காலுக்கு 4,000 ஓம். பொருத்தமான சுமைக்குக் கிடைக்கும் திறன், மின்னழுத்தத்தின் வர்க்கத்தை நான்கு மடங்கு தடையால் வகுத்தால், சுமார் 3.6 நானோவாட். மின்னழுத்தத்தை உயர்த்தித் தரும் சில்லுகளில் மிகக் குறைந்த அளவில் கிளம்புபவைக்கே 20 மில்லிவோல்ட் தேவை. ஆய்வுத் திட்டத்தில் "இதயத்துடிப்பு உணரியை இயக்கும்" என்று எழுதுமுன் இந்த எண்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கே உழைத்தால் பலன் என்பதும் இதிலேயே தெரியும்: நூலின் தடை, இணைப்புப் புள்ளி, துணியின் தடிமன். சீபெக் கெழு அதற்கப்புறம்தான்.

தொடக்கப் பொருளாக பெடாட்:பிஎஸ்எஸ் போதும்; மின்சாரம் கடத்தும் பெடாட் பாலிமரும் அதை நீரில் கலந்து நிற்கவைக்கும் அமிலப் பாலிமரான பிஎஸ்எஸ்ஸும் சேர்ந்தது இது. விற்பனைக்குக் கிடைக்கும் பிஎச்1000 வகை நீர்க்கலவையில் திடப்பொருள் 1 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். அப்படியே பூசினால் கடத்துதிறன் 1 சீமன்ஸ்/செ.மீ.க்கும் கீழே. 5 சதவீதம் எத்திலீன் கிளைக்கால் அல்லது டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானைச் சேர்த்துக் காயவைத்தால் பல நூறுக்கு ஏறும். கலவையைக் குளிர்பெட்டியில் வையுங்கள், உறைய மட்டும் விடாதீர்கள். உறைந்தால் துகள்கள் திரண்டுவிடும், எவ்வளவு குலுக்கினாலும் பழைய நிலைக்கு வராது.

பூச்சு சரியாக வராததற்கு முதல் காரணம் பாலிமர் அல்ல, நூல்தான். ஆலையில் போட்ட எண்ணெயும் மென்மையூட்டியும் இருக்கும்வரை கலவை முத்து முத்தாக நிற்கும். பருத்தியைச் சோடா உப்பும் சோப்பும் போட்டுக் கொதிக்கவைத்து அலசுங்கள். பட்டாக இருந்தால் கோந்து முழுக்க நீங்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்: சில நொடியில் உறிஞ்சாவிட்டால் மறுபடி கழுவ வேண்டியதுதான்.

பருத்தியில் இன்னொரு ஆபத்து. இந்தக் கலவை நல்ல அமிலம், பிஎச் 2 அளவில் இருக்கும். 120 டிகிரியில் மணிக்கணக்கில் காயவைத்தால் அமிலம் செல்லுலோஸை அரித்து நூல் பொடிப்பொடியாக உடையும். குறைந்த வெப்பத்தில் காயவையுங்கள், இல்லையென்றால் பட்டு, பாலியெஸ்டர் பக்கம் போங்கள். நூலைக் கலவையில் முக்கி எடுக்கும் ஒவ்வொரு தடவைக்கும் பிறகு தடையை அளந்து எழுதுங்கள். மூன்று நான்கு முக்கலுக்குமேல் தடை குறைவது மந்தமாகும், நூல் கம்பிபோல் விறைக்கும், வளைத்தால் பூச்சு வெடிக்கும். துவைத்தாலும் நிற்க வேண்டுமென்றால் ஜிஓபிஎஸ் என்ற சிலேன் குறுக்கிணைப்பியை 1 சதவீதத்துக்குள் சேர்க்கலாம். அது கடத்துதிறனைக் குறைக்கும். கலவையையும் மெல்ல மெல்லக் கூழாக்கும். ஆகவே பூசும் நேரத்தில்தான் சேர்க்க வேண்டும்.

என்-வகைதான் தலைவலி. எலக்ட்ரானை ஏற்கும் ஆற்றல்மட்டம் போதிய ஆழத்தில் (சுமார் −4 எலக்ட்ரான்வோல்ட்டுக்குக் கீழே) இல்லாத பாலிமரை டோப் செய்தால் (எலக்ட்ரான் தரும் பொருளைக் கலந்தால்), காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஈரமும் அந்த எலக்ட்ரான்களைப் பறித்துவிடும். என்2200 என்ற பாலிமரை என்-டிஎம்பிஐ என்ற டோப் பொருள் கொண்டு டோப் செய்வது, காற்று புகாத கையுறைப் பெட்டிக்குள் அழகாக வேலை செய்யும், வெளியே எடுத்தால் வீணாகும். 2022இல் வெளியான பிபிஎஃப்டிஓ என்ற என்-வகைப் பாலிமர் காற்றில் தாங்குகிறது. பெடாட் நூலும் வெள்ளி நூலும் மட்டுமே வைத்து ஒற்றைவகைக் கருவி செய்வதும் வெட்கப்பட வேண்டிய விஷயமல்ல. மின்னழுத்தம் பாதியாகும், ஆனால் ஆய்வேடு நேரத்துக்கு முடியும்.

அளவீட்டில்தான் அதிகப் பேர் சறுக்குகிறார்கள். பிஎஸ்எஸ் ஈரத்தை உறிஞ்சும். ஈரத்தில் புரோட்டான்கள் சூடான முனையிலிருந்து குளிர்ந்த முனைக்கு நகர்ந்து மின்னழுத்தத்தை ஊதிப்பெருக்கும். ஈரமான நாளில் எடுத்த சீபெக் மதிப்பு பல மடங்கு பெரிதாகத் தெரிந்தால் மகிழ வேண்டாம். வெப்ப வித்தியாசத்தை அரைமணி நேரம் அப்படியே வைத்து, ஒரு சுமைத் தடையை இணைத்துப் பாருங்கள். மின்னோட்டம் தேய்ந்துகொண்டே போனால் அது அயனியின் வேலை. ஈரப்பதத்தை ஒவ்வொரு அளவீட்டோடும் பதியுங்கள். வெப்ப வித்தியாசத்தை ஐந்தாறு படிகளில் மாற்றி, சாய்விலிருந்து கெழுவை எடுங்கள். ஒரே புள்ளியை வகுத்து எடுத்த எண் எந்தக் கேள்விக்கும் நிற்காது. அளவுக் கருவியோடு இணைக்கும் செம்புக் கம்பியின் பங்கு சுமார் 1.8 மைக்ரோவோல்ட்/கெல்வின், 18 அளக்கும் இடத்தில் அதை விட்டால் பத்துச் சதவீதப் பிழை.

வாய்மொழித் தேர்வில் தவறாமல் வரும் கேள்வி: "எந்தக் குறுக்குவெட்டை வைத்துக் கணக்கிட்டீர்கள்?" பூச்சின் பரப்பை மட்டும் எடுத்தால் கடத்துதிறன் பெரிதாகும், முழு நூலை எடுத்தால் சிறிதாகும். இரண்டையும் எழுதி, சென்டிமீட்டருக்கு எத்தனை ஓம் என்பதையும் சேர்த்துவிடுங்கள். வெப்பக் கடத்துதிறனையும் மின் கடத்துதிறனையும் ஒரே திசையில் அளக்காமல் தகுதி எண்ணை (வெப்பத்தை மின்சாரமாக்கும் திறமையைக் காட்டும் அளவு) போட்டுவிடாதீர்கள். நூலின் நீளவாக்கில் மின்சாரம், குறுக்குவாக்கில் வெப்பம் என்று கலந்தால் எண் மட்டும் அழகாக இருக்கும்.

நூல்களை இணைக்கப் பூசும் வெள்ளிப் பசை காய்ந்ததும் விறைப்பாகிவிடும். நூலை வளைத்தால் பசை முடியும் விளிம்பில்தான் விரிசல் விழும். மிருதுவான சிலிக்கோனை அந்த விளிம்பைத் தாண்டிச் சில மில்லிமீட்டர் பூசுங்கள். துவைப்புச் சோதனைக்கு ஐஎஸ்ஓ 6330, தேய்மானத்துக்கு 12947, வியர்வைக்கு 105-ஈ04-இல் சொல்லியுள்ள கரைசல்கள் (பிஎச் 5.5, 8) என்று முதல் ஆண்டிலேயே முடிவு செய்துவிடுங்கள். கடைசி ஆண்டில் துவைக்கப் போனால், பழைய மாதிரிகள் அத்தனையையும் திரும்பச் செய்ய வேண்டிவரும்.