குளத்தங்கரைப் பன்னீர்த் திராட்சை: மார்கழி முதல் சித்திரை வரை

மார்கழி 5

இன்று கவாத்து, அதாவது கொடியின் கிளைகளை வெட்டிவிடும் வேலை, ஆரம்பம். கோவை தொண்டாமுத்தூர்ப் பக்கத்து இந்த ஊருக்கு நொய்யல் தண்ணீர் சித்திரைச்சாவடி வாய்க்கால் வழியாகக் குளத்துக்கு வருகிறது. குளம் நிறைந்தால்தான் தோட்டத்துக் கிணறுகளில் ஊற்று எடுக்கும். கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல், 3 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளியில் கொடி.

கத்தரி வைக்கும் முன் சிம்பை, அதாவது கொடியில் கிளைத்த குச்சியை, பாருங்கள். பழுப்பேறி முற்றியிருந்தால் நாலு கணு விட்டு வெட்டலாம். பச்சையாக, மெலிந்து இருந்தால் ஒன்றிரண்டு கணுதான். அது காய்க்காது, அடுத்த கவாத்துக்குச் சிம்பு தரும். எல்லாவற்றையும் ஒரே அளவில் வெட்டித் தள்ளுவதால்தான் பாதிப் பந்தல் இலையாக நிற்கிறது. வெட்டிய குச்சியை வரப்பில் போடாமல் எரித்துவிடுங்கள், பறவைக்கண் நோய் அதில்தான் தங்கும். தண்டில் உரிந்து தொங்கும் பட்டையையும் எடுத்துவிட வேண்டும், மாவுப்பூச்சி ஒளிவது அங்கே.

மார்கழி 7

மொட்டு ஒன்றுபோல வெடிக்க டார்மெக்ஸ் என்ற ரசாயன மருந்தைத் தடவுகிறார்கள். கையுறை இல்லாமல் தொடக்கூடாது. தடவுகிற ஆளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: அன்றும் அடுத்த சில நாளும் மது ஆகவே ஆகாது. இரண்டும் உடம்பில் சேர்ந்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, மூச்சு வாங்கும். கூலி வாங்கிய கையோடு கடைக்குப் போகிறவர்கள் உண்டு, அதனால்தான் அழுத்திச் சொல்கிறோம்.

தை 3

தளிர் முழம் நீளம் ஆகிவிட்டது. விடிகாலையில் குளத்துப் பக்கத்து வரிசைகளில் இலை நனைந்தே கிடக்கிறது, வெயில் ஏறித்தான் காய்கிறது. அடிச்சாம்பல் நோய்க்கு வேறென்ன வேண்டும்! இலை மேலே எண்ணெய் பட்டதுபோல் மஞ்சள் திட்டு, திருப்பிப் பார்த்தால் அடியில் வெண்பூஞ்சை. பூங்கொத்துக்கு ஏறினால் காய் கருகிக் கொட்டிவிடும்.

இதற்கு மருந்து போர்டோ கலவை 1 சதவீதம்: 1 கிலோ மயில்துத்தம் 50 லிட்டரில், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு இன்னொரு 50 லிட்டரில். பிளாஸ்டிக் தொட்டிதான், இரும்பு வேண்டாம். துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்கிக்கொண்டே இருங்கள், மாற்றி ஊற்றாதீர்கள். தீட்டிய கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் துத்தம் மிஞ்சிவிட்டது, தளிர் கருகும். அப்படிப் படிவது நிற்கும் வரை சுண்ணாம்புத் தண்ணீர் சேர்க்க வேண்டும். அன்றே அடித்துத் தீர்க்கணும். இலையின் அடிப்புறம் நனையாவிட்டால் அடித்ததும் அடிக்காததும் ஒன்றுதான். 1885 வாக்கில் பிரான்சின் போர்டோ பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களில் இதே நோய்க்குப் பிறந்த மருந்து இது. இன்னும் இதைத்தான் நம்புகிறோம்.

மாசி 6

காய் பட்டாணி அளவு. நெருக்கமான கொத்தில் ஐந்தில் ஒரு பங்கு காயைக் கத்தரியால் எடுக்க வேண்டும். மனசு வராது, ஆனால் விட்டால் உள்காய் நசுங்கி அழுகும். சிம்பு நுனியை 12 முதல் 15 கணுவில் கிள்ளி, சுருள்களையும் எடுத்தாகிவிட்டது.

பங்குனி 4

நிறம் ஏறுகிறது. பன்னீரின் பெரிய குறை, ஒரே கொத்தில் கறுப்பும் பச்சையும் கலந்து நிற்பது. காய்ப்பு அதிகமான கொடியில் இது இன்னும் மோசம்.

சித்திரை 6

கவாத்து செய்து 120 நாள். ஒரு வாரமாகத் தண்ணீர் நிறுத்தியாயிற்று. கடைசி நேரத்தில் பாய்ச்சினால் பழம் வெடிக்கும். காலை ஈரம் காய்ந்த பிறகு காம்பைப் பிடித்து அறுப்பு. பழத்தின் மேல் இருக்கும் வெண்பூச்சில் விரல் படக்கூடாது, அது அழிந்தால் சந்தையில் பழைய பழம் என்பார்கள்.

‘இதில் ஒயின் ஆகாதா?’ என்று வாங்க வருகிறவர்கள் கேட்கிறார்கள். உரிமம் இல்லாமல் ஒயின் செய்யவோ விற்கவோ முடியாது, அது முதல் விஷயம். பழத்தையும் பாருங்கள்: சாற்றின் சர்க்கரை அளவைக் காட்டும் பிரிக்ஸ் மீட்டரில் ஒரு சொட்டு விட்டால் 17, 18 காட்டும். பிரிக்ஸில் பாதிக்குச் சற்று மேல்தான் ஒயினின் ஆல்கஹால் சதவீதம், ஆக 10 எட்டுவதே பெரிது. ஒயின் திராட்சை 22, 24 வரை கொடியிலேயே இனிக்க வேண்டும். அதுவரை பன்னீரை விட்டால் பழம் உதிரும், கோடை மழையும் வந்துவிடும். பன்னீர் மணம் சாறுக்கு அருமை, தோல் கறுப்பு நல்ல நிறமும் தரும்.

அடுத்த கவாத்து வைகாசியில். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அப்போது தளிரை ஒடிக்கும், மேற்கு வரப்பில் தென்னந்தட்டி கட்டியாக வேண்டும். குளம் வற்றியிருக்கும்போதே வண்டல் மண்ணுக்கு அனுமதி வாங்கிக் கொடியடியில் கொட்டிவிடுங்கள்.