பூ மண்டி கணக்குக்கு ஆர்பிஜி: செயின் எங்கே போதும், எங்கே போதாது

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிக்கு முகூர்த்த நாளில் ஒரு விலை, மறுநாள் வேறு விலை. விவசாயிக்குப் பட்டுவாடா போட, பூ வந்த தேதியின் விலையைத்தான் எடுக்க வேண்டும். ஐபிஎம் ஐ என்ற சர்வர் இயங்குதளத்தின் நிரல் மொழியான ஆர்பிஜியில், கீ (ரெக்கார்டைத் தேட உதவும் ஃபீல்டு) வைத்து ரெக்கார்டு தேடிப் பழக இது அருமையான கணக்கு. கீயைக் கொடுத்தால் அதற்குரிய ரெக்கார்டைப் படித்துத் தரும் கட்டளைதான் செயின். சொந்தமாக மெஷின் தேவையில்லை; இலவசக் கணக்கு தரும் பப்400 சர்வரிலேயே ஐபிஎம் ஐ இருக்கிறது.

ஃபைலின் பெயர் பூவிலை. பூக்குறியீடு 5 எழுத்து, தேதி, கிலோ விலை என்று மூன்றே ஃபீல்டு. கீயில் முதலில் பூ, அடுத்தது தேதி. இந்த வரிசை மாறிவிட்டால் கீழே வரும் முக்கியமான தேடல் நடக்கவே நடக்காது. ஃபைலின் அமைப்பை எழுதும் டிடிஎஸ்-இல் யூனிக் (ஒரே கீ இரண்டு முறை ஏறாமல் தடுக்கும் சொல்) போடுவது அவசியம். போடாவிட்டால் ஒரே பூவுக்கு ஒரே தேதியில் இரண்டு விலை ஏறிவிடும். செயின் அதில் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு பேசாமல் போய்விடும்.

முதல் சுற்று நேரடியான செயின்:

செயின் (பூ: பில்தேதி) பூவிலை;

சோதனைக்கு மல்லி கிலோ 900, அரளி 120 என்று விலை ஏற்றி, அரளிக்கு ஒரு நாளை மட்டும் வேண்டுமென்றே விட்டுப் பார்த்தோம். மல்லி பில் சரியாக வந்தது. அடுத்து, விடுபட்ட நாளுக்கு 10 கிலோ அரளி பில். 1,200 வர வேண்டிய இடத்தில் 9,000! செயினுக்கு ரெக்கார்டு கிடைக்காவிட்டால் ஃபீல்டுகள் காலியாவதில்லை, முன்பு படித்த மதிப்பே அப்படியே நிற்கும். எர்ரரும் வராது. அதனால் ஒவ்வொரு செயினுக்கும் அடுத்த வரியிலேயே, ரெக்கார்டு கிடைத்ததா என்று சொல்லும் %ஃபவுண்ட்(பூவிலை) பார்த்தாக வேண்டும். ஃபைல் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள். வெறும் %ஃபவுண்ட் என்றால் கடைசியாக நடந்த தேடலின் பதில்தான் வரும். நடுவில் விவசாயி ஃபைலுக்கு ஒரு செயின் நுழைந்தால் பதில் மாறிவிடும்.

விவசாயி எண்ணில் இன்னொரு சறுக்கல். கீ 4 எழுத்து, ஃபைலில் இருப்பது 0007. திரையில் 7 என்று தட்டினால், 7-க்குப் பின்னால் மூன்று வெற்றிடம் சேர்ந்துதான் தேடும், கிடைக்காது. எண்ணாக வாங்கி, எண்ணை எழுத்தாக மாற்றும் %எடிட்சி-யில் எக்ஸ் குறியீடு கொடுத்தால் முன்பூஜ்யங்களோடு மாறிவிடும்.

இருக்கிறதா இல்லையா என்று மட்டும் தெரிய வேண்டுமானால் செயின் வேண்டாம். கீயின் இடத்தில் ஃபைலை நிறுத்தும் செட்எல்எல் போட்டு, அதே கீ இருக்கிறதா என்று சொல்லும் %ஈக்குவல் பாருங்கள். தரவைக் கொண்டுவராது, லாக்கும் (மற்றவர் மாற்றாதபடி ரெக்கார்டைப் பூட்டுவது) போடாது. அங்கே %ஃபவுண்ட் பார்ப்பது தப்பு. கொடுத்த கீயோ அதைவிடப் பெரிய கீயோ எது இருந்தாலும் அது ஆம் என்றுவிடும்.

சரி, விலை பதியாத நாளுக்கு என்ன செய்வது? அதற்கு முந்தைய கடைசி விலை வேண்டும். செயினால் இது முடியாது.

செட்ஜிடி (பூ: பில்தேதி) பூவிலை;
ரீட்பிஈ (பூ) பூவிலை;

செட்ஜிடி அந்தத் தேதியைத் தாண்டி நிற்கும். ரீட்பிஈ அங்கிருந்து பின்னோக்கி ஒரு ரெக்கார்டு படிக்கும். அன்றைய விலை இருந்தால் அதுவே வரும், இல்லாவிட்டால் முந்தையது. அதாவது இந்த இரண்டு வரி செயினின் வேலையையும் சேர்த்தே செய்துவிடுகிறது. ரீட்பிஈ-க்குப் பூவை மட்டும் கொடுக்க வேண்டும். தேதியையும் கொடுத்தால் அதே தேதியைத்தான் தேடும். ஈ இல்லாத ரீட்பி போட்டால் இன்னும் மோசம். மல்லிக்கு முந்தைய விலையே இல்லாதபோது, கீ வரிசையில் அதற்கு முன்னால் இருக்கும் கனகாம்பரத்தின் கடைசி விலையை எடுத்து வந்துவிடும். படிக்க ரெக்கார்டு இல்லை என்று சொல்லும் %ஈஓஎஃப்(பூவிலை) வந்தால் பில்லை நிறுத்துங்கள், பூஜ்ய விலையில் ஓட விடாதீர்கள்.

விலை திருத்தும் திரைக்கு ஃபைலை அப்டேட்டுக்குத் திறந்ததும் லாக் வந்து சேர்ந்தது. ஒரு திரையில் செயின் போட்டு அப்படியே விட்டால், அதே ரெக்கார்டை இன்னொரு திரை கேட்டபோது காத்திருந்து, கடைசியில் 1218 ஸ்டேட்டஸோடு விழுந்தது. காத்திருக்கும் நேரத்தை ஃபைலின் வெயிட்ஆர்சிடி தீர்மானிக்கிறது. டிஃபால்ட் 60 வினாடி. பார்ப்பதற்கு மட்டும் என்றால் செயின்(என்) போதும், லாக் கிடையாது. ஆனால் அதை நம்பி நேராக அப்டேட் போட்டால் 1221, படிக்காமலே அப்டேட் கேட்கிறாய் என்று. மறுபடி சாதாரண செயின் போட வேண்டும். அந்தச் செயின் பழைய விலையை ஃபீல்டில் மீண்டும் நிரப்பி, திரையில் தட்டிய புது விலையை அழித்துவிடும். தட்டியதைத் தனி மாறியில் வைத்து, செயின் போட்டு, திரும்ப ஃபீல்டில் ஏற்றி, பிறகு அப்டேட். இடைப்பட்ட நேரத்தில் வேறொருவர் விலையை மாற்றினாரா என்பதையும் இதே இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அடுத்து விவசாயி எண் வரம்பு வைத்துப் பட்டியல். இங்கே எப்சிடிக் (ஐபிஎம் ஐ பயன்படுத்தும் எழுத்துக் குறியீட்டு முறை) வரிசை: எழுத்துகள் முதலில், இலக்கங்கள் கடைசியில். கணினியில் பழகிய ஆஸ்கி வரிசைக்கு நேர்மாறு என்பதால், எழுத்தில் தொடங்கும் எண்களை இலக்க எண்களோடு கலக்காமல் தனி வரம்பாக வைத்துத்தான் செட்எல்எல் எழுத வேண்டும்.