7600 என்று காட்டினால் சர்வீஸ் பேக் ஏறவே இல்லை

வின்டோஸின் பதிப்பு எண்ணைக் காட்டும் 'வின்வர்' கட்டளையைத் தட்டினால் 7601 வர வேண்டும். ஜாலான் மஸ்ஜிட் இந்தியாவில் ஒரு துணி மொத்தக் கடையின் சர்வரில் (வின்டோஸ் ஸ்மால் பிசினஸ் சர்வர் 2011) வந்தது 7600. அதன் அடித்தளமான வின்டோஸ் சர்வர் 2008 ஆர்2-க்கு 2011-லேயே வந்த சர்வீஸ் பேக் 1 (திருத்தங்களின் மொத்தத் தொகுப்பு) இத்தனை வருஷமாக ஏறவில்லை. சர்வரின் நிர்வாகத் திரையான கன்சோலிலோ அப்டேட் பகுதி முழுக்கப் பச்சை டிக்.

காரணம் எளிது. அந்தக் கன்சோலில் சர்வர்களுக்கு அப்டேட் நிலை 'மீடியம்' என்றே இருக்கும். அது பாதுகாப்பு, அவசர அப்டேட்டுகளைத் தானாக அனுமதிக்கும். சர்வீஸ் பேக்குகளை 'ஹை' நிலைதான் அனுமதிக்கும். பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்திருந்தவர்கள் மாதாமாதம் பச்சை டிக்கைப் பார்த்து அறிக்கை கொடுத்திருக்கிறார்கள். அதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

மலேசியாவில் இ-இன்வாய்ஸ் (வரி வாரியத்துக்கு இணையம் வழி அனுப்ப வேண்டிய மின்-விலைப்பட்டியல்) வந்ததால்தான் விஷயம் வெளியே வந்தது. ஆண்டு விற்பனை 5 மில்லியனிலிருந்து 25 மில்லியன் ரிங்கிட் வரை உள்ளவர்களுக்கு 2025 ஜூலை 1 கெடுவாக இருந்தது. கணக்கு மென்பொருளின் புதிய பதிப்பு, தான் ஓடத் தேவையான மைக்ரோசாஃப்ட் அடித்தள மென்பொருளான டாட்நெட் 4.8-ஐக் கேட்டது. சர்வீஸ் பேக் 1 இல்லாமல் டாட்நெட் 4.8 ஏறாது. உதவி மையத்தில் மூன்று தடவையும் ஒரே பதில்: "பாஸ், புது சர்வர் வாங்கிடுங்க." வாங்கத்தான் வேண்டும், இந்த சர்வருக்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14-லேயே முடிந்துவிட்டது. ஆனால் புதியது வந்து டேட்டா மாறும்வரை கெடு காத்திருக்காது.

முதலில் பேக்கப். அதுவே தோற்றது, வால்யூம் ஷேடோ காப்பி (சர்வர் ஓடும்போதே நகலெடுக்க உதவும் பகுதி) பிழையோடு. இந்த சர்வரில் இது பழைய நோய்: ஷேர்பாயின்ட் (ஆவணப் பகிர்வு மென்பொருள்) அப்டேட் ஏறியிருக்கும், அதன் டேட்டாபேஸ் மேம்படுத்தப்படாமல் பாதியில் நிற்கும். ஷேர்பாயின்ட் 2010 மேனேஜ்மென்ட் ஷெல்லை அட்மினாகத் திறந்து அதன் அமைப்புக் கட்டளையான பிஎஸ்கான்ஃபிக்கை (psconfig) அப்கிரேட், இன்பிளேஸ் பி2பி (b2b), ஃபோர்ஸ் என்ற தெரிவுகளோடு ஓட்டியதும் பேக்கப் முழுதாக ஓடியது. வெளி டிஸ்கிலிருந்து ஒரு கோப்பையாவது மீட்டுப் பார்த்த பிறகே அடுத்த வேலையைத் தொடுங்கள்.

சர்வீஸ் பேக் கோப்பு 903 எம்பிதான். தனியாக இறக்கிப் போட்டால் சி டிரைவில் 7,400 எம்பி காலி இடம் வேண்டும். வலைச் சேவையின் இனெட்பப் ஃபோல்டரில் உள்ள பழைய லாக்குகளை அழித்தாலே பெரும்பாலும் போதும்.

ஞாயிறு காலையில் ஆரம்பிப்பது நல்லது. கோலாலம்பூரில் பிற்பகல் இடிமழை வந்தால் மின்சாரத்தை நம்ப முடியாது. யுபிஎஸ் பேட்டரியையும் முதல் நாளே சோதித்துவிடுங்கள். காலையில் ஓட்டியதும் 800எஃப்0ஏ12 என்ற பிழையோடு நின்றது. முன்பு யாரோ டிஸ்கை எஸ்எஸ்டிக்கு குளோன் செய்தபோது டிஸ்க் பகுதிகளைத் தானே இணைக்கும் ஆட்டோமவுன்ட் அணைந்திருக்கிறது. அதனால் இன்ஸ்டாலருக்கு சிஸ்டம் பார்ட்டிஷன் எட்டவில்லை. அட்மின் கமாண்ட் விண்டோவில் மவுன்ட்வால், இடம்விட்டு சாய்கோடு, 'இ' (mountvol /E) என்று தட்டி, பிறகு ரீஸ்டார்ட். இரண்டாம் முறை ஏறிவிட்டது. இந்த ஒரு வரிக்காக அரை நாள் போனது.

அடுத்து வரிசை முக்கியம். முதலில் கேபி4490628, பிறகு கேபி4474419 (இரண்டும் மைக்ரோசாஃப்ட் அப்டேட் எண்கள்). முன்னது அப்டேட்டை ஏற்றும் பகுதியையே புதுப்பிப்பது; பின்னது அப்டேட்டுகளின் எஸ்எச்ஏ-2 டிஜிட்டல் கையொப்பத்தைப் படிக்கக் கற்றுத்தருவது. இவை இல்லாவிட்டால் 2019 ஆகஸ்டுக்குப் பிந்தைய அப்டேட்டுகள் 80092004 என்று முகத்தில் அடிக்கும். டாட்நெட் 4.8 சான்றிதழ்ச் சங்கிலியைக் குறை சொன்னால், மைக்ரோசாஃப்ட்டின் 2011 ரூட் சான்றிதழைக் கணினியின் நம்பகமான ரூட் பட்டியலில் சேர்த்தால் சரியாகும். இந்தக் கடையின் மின்னஞ்சல் ஏற்கெனவே கிளவுடுக்குப் போய்விட்டது. உங்கள் சர்வரில் எக்ஸ்சேஞ்ச் (மைக்ரோசாஃப்ட்டின் மின்னஞ்சல் சர்வர்) இன்னும் ஓடினால், டாட்நெட்டைத் தொடும் முன் அதன் ஆதரவுப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

எல்லாம் ஏறியும் இன்வாய்ஸ் போகவில்லை. அந்த இணைய இணைப்பைப் பாதுகாக்கும் டிஎல்எஸ் 1.2 இந்த வின்டோஸில் இருக்கிறது, ஆனால் அணைத்தே வரும். வின்டோஸின் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் எஸ்சேனல் கீழே டிஎல்எஸ் 1.2 கிளையன்ட் பகுதியில் 'எனேபிள்ட்' 1, 'டிசேபிள்ட்பைடிஃபால்ட்' 0. டாட்நெட்டுக்கு 'எஸ்சிஎச்யூஸ்ஸ்ட்ராங்கிரிப்டோ' 1. இதை வாவ்6432நோட் கீழேயும் போடுங்கள். கணக்கு மென்பொருள் 32 பிட் என்றால் அது அங்கேதான் பார்க்கும். அங்கே போட்டு ரீஸ்டார்ட் செய்த பிறகுதான் முதல் சோதனை இன்வாய்ஸ் 'வேலிட்' என்று திரும்பி வந்தது.

சர்வரைத் தொலைவிலிருந்து இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட் ரவுட்டரில் வெளியே திறந்திருந்தது, அன்றே மூடியாகிவிட்டது. சர்வீஸ் பேக்கின் மிச்சங்களை நீக்கும் டிஸ்ம் கட்டளையை மட்டும் இரண்டு வாரம் தொடாதீர்கள். அதை ஓட்டினால் சர்வீஸ் பேக்கைத் திரும்பக் கழற்ற முடியாது.