பாதி உயிரோடு ஒரு டிஸ்க்

முழுவதுமாகச் செத்துப்போன ஹார்ட் டிஸ்க்கால் பெரிய தொல்லை இல்லை. மிரரில், அதாவது ஒரே தரவை இரண்டு டிஸ்க்கிலும் எழுதிவைக்கும் ஏற்பாட்டில், இருக்கும் இணை டிஸ்க் வேலையை ஏற்றுக்கொள்ளும். சாகவும் செய்யாமல் பிழைக்கவும் செய்யாமல் இழுத்துக்கொண்டு கிடக்கும் டிஸ்க்தான் ஆளைப் படுத்தும்.

சொலாரிஸ் 9 என்ற யூனிக்ஸ் இயங்குதளம் ஓடிய எங்கள் கணக்குப் பிரிவு சர்வரில் ஒரு மாதக் கடைசியில் அதுதான் நடந்தது. டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்க்க ‘டிஎஃப்’ என்று அடித்தால் திரை அப்படியே நின்றுவிடும். சில நிமிடம் கழித்துப் பதில் வரும், மறுபடி நிற்கும். வேலையை வலுக்கட்டாயமாக நிறுத்தும் ‘கில் -9’ கொடுத்தும் நின்றுபோன வேலைகள் சாகவில்லை. டிஸ்க்கின் பதிலுக்காகக் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் காத்திருக்கும் வேலைக்கு எந்த சிக்னலும் போய்ச் சேராது.

டிஸ்க்குகளின் வேலைப்பளுவைக் காட்டும் ‘ஐயோஸ்டாட்’ ஓட்டியதும் ஆள் அகப்பட்டது. இரண்டாவது டிஸ்க் 100 சதவீதம் மும்முரம் என்றது. ஆனால் படித்ததும் எழுதியதும் பூஜ்யம். சர்வர் தன் பிழைகளைப் பதியும் மெசேஜஸ் கோப்பில், டிஸ்க் நேரத்துக்குள் பதில் தரவில்லை என்னும் ஸ்கஸி டைம் அவுட் வரிகள் அடுக்கடுக்காக இருந்தன. வேடிக்கை என்னவென்றால், மிரரின் நிலையைச் சொல்லும் மெட்டாஸ்டாட் கட்டளை அந்த நேரத்திலும் மிரர் நலம் என்றே காட்டியது. காரணம் எளிது. டிஸ்க் டிரைவர் ஒரு கட்டளைக்கு 60 விநாடி காத்திருக்கும், பதில் இல்லையென்றால் மீண்டும் கேட்கும். அது கைவிட்டு ‘பிழை’ என்று சொல்லும்வரை மேலே இருக்கும் மிரருக்கு எதுவும் தெரியாது. எழுதுவதோ இரண்டு டிஸ்க்கிலும் முடிந்தாக வேண்டும். ஆகவே நல்ல டிஸ்க்கும் சேர்ந்து காத்துக் கிடந்தது.

“ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பாருங்களேன்” என்றார் கணக்குப் பிரிவு மேலாளர். அவர் அவசரம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் நான் இசையவில்லை. மிரரின் நிலையைக் குறித்துவைக்கும் தரவுத்தளப் பிரதிகள் டிஸ்க்குக்கு 3 வீதம் 6 வைத்திருந்தோம். பாதிப் பிரதிகள் இருந்தால் ஓடுகிற சர்வர் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் அணைத்து எழுப்பினால் பாதிக்கு மேல் வேண்டும், அதாவது 4. அந்த டிஸ்க் எழாமல் போனால் மிஞ்சுவது 3. சர்வர் பழுதுபார்க்க மட்டுமே உதவும் ஒற்றைப் பயனர் நிலையில் நின்று, கன்சோலில் நிர்வாகியின் ரூட் கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டிருக்கும். சம்பளப் பட்டியல் அன்று வெளியே வந்திருக்காது.

அதனால் பொறுமையாகவே போனேன். டிஸ்க்கை மிரரிலிருந்து வலுக்கட்டாயமாகப் பிரித்தேன். அந்தக் கட்டளையும் உடனே முடியவில்லை. முடிந்த கணத்தில் நின்றிருந்த வேலைகளெல்லாம் ஒன்றாக நகரத் தொடங்கின. பிறகு அதிலிருந்த 3 பிரதிகளையும் நீக்கினேன். இதை மறந்துவிட்டு டிஸ்க்கை மட்டும் கழற்றுபவர்கள் உண்டு. அடுத்த முறை சர்வரை எழுப்பும்போது அது பழிவாங்கும். கடைசியாக சிஎஃப்ஜிஅட்மின் என்ற கட்டளை கொடுத்து டிஸ்க்கை விடுவித்தேன். கழற்றலாம் என்று காட்டும் நீல விளக்கு எரிந்த பிறகே கை வைத்தேன். சர்வர் ஒரு விநாடிகூட அணையவில்லை.

புதிய டிஸ்க்கில், நல்ல டிஸ்க் எப்படிப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது என்ற அட்டவணையை நகலெடுத்து, பிரதிகளை மீண்டும் வைத்து, மிரரில் சேர்த்தோம். ஒத்திசைவு சதவீதம் மெதுவாக ஏறியது. சம்பளப் பட்டியல் பக்கத்திலேயே ஓடி முடிந்தது.

அடுத்த பராமரிப்பு நாளில் மூன்றாவது டிஸ்க் ஒன்றைப் பொருத்தி அதிலும் 3 பிரதிகள் வைத்தேன். இப்போது எந்த டிஸ்க் போனாலும் 9இல் 6 மிஞ்சும்; சர்வர் எழுந்துகொள்ள 5 போதும்.